லேசர் படகு சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் முறை

இது லேசர் படகுக்கானது. ஒருவர் ஓட்டுவது, ஒரே பாய், நீளம் 4.23 மீட்டர். 2019 முதல் இதன் அதிகாரப்பூர்வப் பெயர் இல்கா. கரையில் இன்னும் லேசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியலுக்கும் பயிற்சியில் உங்கள் கைக்கு வரும் படகுக்கும் உடல் ஒன்றேதான். ஆகவே "படகு சரியில்லை" என்று முடிவு கட்டும் முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், பணம் கேட்கும் காரணம் கடைசியில். பத்தில் எட்டு முறை முதல் இரண்டிலேயே வேலை முடிந்துவிடும்.

சொற்கள் சில. படகின் மூக்கு அணியம். பாய்மரத்திலிருந்து பின்னோக்கி நீளும் கிடைக்கழி பூம். பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் கையில் இருக்கும் கயிறு மெயின்ஷீட், சுருக்கமாக ஷீட். பூம் மேலே தூக்காமல் பிடிப்பது வேங். தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கும் பலகை டாகர்போர்டு. சுக்கானைத் திருப்பும் கைப்பிடி டில்லர். பின்பக்கம் டில்லருக்கு மேலாகக் குறுக்கே ஓடும் கயிறு டிராவலர். கயிற்றைப் பல்லால் கவ்விப் பிடிப்பது கிளீட்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் ஒரு கேள்வி: காற்று எங்கிருந்து வருகிறது? கொடியைப் பாருங்கள், பாயில் ஒட்டிய கம்பளி நூலைப் பாருங்கள், கன்னத்தில் படுவதைக் கவனியுங்கள். இதற்குப் பதில் தெரியாமல் எந்தக் கயிற்றையும் தொடாதீர்கள்.

அறிகுறி: படகு நகரவில்லை

*பாய் படபடக்கிறது, அணியம் காற்றைப் பார்த்து நிற்கிறது*

காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 பாகை வரை லேசர் நேராக ஓடாது. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் டில்லரை இங்கும் அங்கும் ஆட்டிப் பயனில்லை. ஓட்டமில்லாத படகுக்குச் சுக்கான் வெறும் பலகை.

வெளியே வரும் வழி: மெயின்ஷீட்டை முழுக்க விடுங்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்து, பூமை உங்களிடமிருந்து தள்ளிப் பிடியுங்கள். டில்லரையும் அதே பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டும் தள்ளல். படகு மெதுவாகப் பின்னால் நகரும், அணியம் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக விலகும், காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வர ஆரம்பிக்கும். அணியம் 45 பாகைக்கு மேல் விலகியதும் பூமை விடுங்கள், டில்லரை நடுவுக்கு இழுங்கள், மெயின்ஷீட்டை மெல்ல இழுங்கள். இப்போது இரண்டும் இழுப்பு. ஷீட்டை வெடுக்கென்று இழுத்தால் படகு மறுபடி காற்றுக்குள் மூக்கை நுழைக்கும். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் மூன்றாவது முறையும் மாட்டிக்கொள்கிறார்கள்.

*பாய் படபடக்கிறது, ஆனால் காற்று பக்கவாட்டில் வருகிறது*

ஷீட் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாயின் முன்விளிம்பில் படபடப்பு நிற்கும் வரை இழுங்கள். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம். இழுத்தும் நிற்கவில்லையென்றால் பூமின் பின்முனையைப் பாருங்கள்: பாயின் மூலையைப் பிடிக்கும் கயிறு, அதாவது அவுட்ஹால், அவிழ்ந்திருக்கும்.

*பாய் படபடக்கவில்லை, ஆனாலும் படகு மந்தம்*

பாயை மிகையாக இழுத்து வைத்திருக்கிறீர்கள். தொடக்கநிலையில் மிகவும் பரவலான பிழை இது. பாய் அழகாக விறைத்து நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரு முழம் விடுங்கள். முன்விளிம்பு படபடக்கத் தொடங்கும் இடம் வரை விட்டு, அங்கிருந்து இழுத்து நிறுத்துங்கள். கம்பளி நூலில் வெளிப்பக்கத்து நூல் துள்ளினால் இன்னும் விடவேண்டும். உட்பக்கத்து நூல் துள்ளினால் இழுக்கவேண்டும். இரண்டும் பின்னோக்கிச் சீராக ஓடினால் பாய் சரி. அப்போதும் மந்தமென்றால் டாகர்போர்டிலோ சுக்கானிலோ நெகிழிப் பையோ வலைத்துண்டோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். சென்னைத் துறைமுகப் பக்கம் மிதவைக் குப்பை இருக்கும் நாட்களில் இதையே முதலில் பார்ப்பது நல்லது.

அறிகுறி: டேக் பாதியில் நின்றுவிடுகிறது

அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பி அடுத்த பக்கம் போவது டேக். ஏறக்குறைய 90 பாகைத் திருப்பம். பாதியில் நின்றால் காரணம் பெரும்பாலும் திருப்பத்தில் இல்லை, திருப்பத்துக்கு முந்தைய பத்து விநாடியில் இருக்கிறது.

ஓட்டம் போதவில்லை என்பது முதல் காரணம். ஷீட்டைச் சற்று விட்டு, காற்றிலிருந்து கொஞ்சம் விலகி ஓட்டம் ஏற்றுங்கள்; பிறகு காற்றை நோக்கி நெருக்கி ஓட்டி, அதன்பின் டேக் போடுங்கள். காற்று பக்கவாட்டில் வரும்போதே நேராக டேக் போட்டால் திருப்பவேண்டிய கோணம் பெரிதாகிவிடும், ஓட்டம் நடுவிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, டில்லரை அடித்துத் தள்ளுவது. சுக்கான் குறுக்கே நின்றால் அது திருப்பாது, பிரேக் போடும். மெதுவாகத் தொடங்கி, போகப்போகக் கூட்டுங்கள்.

மூன்றாவது, பூம் தலைக்கு மேல் வந்ததும் பயத்தில் டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவது. பாய் மறுபக்கம் நிரம்பும் வரை டில்லர் தள்ளியபடியே இருக்கட்டும். கலையாத முகத்தோடு குனிந்து, முன்பக்கம் பார்த்தபடியே கடந்து உட்காருங்கள்.

அலையில் மட்டும் டேக் தவறுகிறதென்றால் நேரம்தான் பிழை. அலை அணியத்தில் மோதும் கணத்தில் திருப்பாதீர்கள். அலையின் முகட்டில் ஏறியவுடன் திருப்பத்தைத் தொடங்கினால், அடுத்த அலை வருவதற்குள் முடிந்துவிடும்.

அறிகுறி: டில்லர் கையைப் பிடுங்குகிறது

படகு எந்நேரமும் காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கிறது, டில்லரை இழுத்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

படகு சாய்ந்திருக்கிறதா? சாய்ந்த படகு தானாகவே காற்றுக்குள் திரும்பும். ஷீட்டை விட்டு, கால்பட்டையில் பாதத்தை மாட்டி வெளியே சாய்ந்து, தட்டையாக்குங்கள். தட்டையானதும் கனம் போய்விட்டால் பழுது ஒன்றும் இல்லை.

தட்டையாக ஓடும்போதும் கனமா? திரும்பிச் சுக்கானைப் பாருங்கள். இதைத்தான் பலர் வாரக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆழமில்லாத இடத்தில் தூக்கி வைத்த சுக்கான் அலகு முழுவதும் இறங்காமல் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். ஒரு சாண் பின்னால் போனாலே டில்லர் இரும்பாகிவிடும். படகைக் காற்றுக்கு நிறுத்தி, இறக்கும் கயிற்றை இறுக இழுத்து, டில்லரில் உள்ள கிளீட்டில் மறுபடி பூட்டுங்கள். பத்து நிமிடத்தில் மறுபடி எழுந்தால் கயிறு இழுபடுகிறது அல்லது கிளீட்டின் பல் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சில்லறைச் செலவு. அலகு பக்கவாட்டில் ஆடினால் சுக்கான் தலையின் போல்ட்டை முறுக்குங்கள்.

அதுவும் சரியென்றால் டில்லர் எதிலாவது உரசுகிறது. டில்லர் டிராவலர் கயிற்றுக்குக் கீழாகத்தான் போகவேண்டும். அவசரத்தில் மேலே வைத்து மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிராவலர் தொங்கினால் அதன் கப்பி டில்லர் மேல் உட்கார்ந்து திருப்பத்தைத் தடுக்கும். வீணைத் தந்திபோல் விறைப்பாக இருக்கவேண்டும்.

நிறுத்தவேண்டிய இடம்: படகின் பின்சுவரில் சுக்கானைத் தாங்கும் கொக்கிகள் கையால் ஆட்டினால் ஆடுகின்றனவா? திருகை மட்டும் முறுக்கிவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். திருகு பிடித்திருந்த பொருள் உள்ளே ஊறிப்போயிருக்கலாம். ஃபைபர் வேலை தெரிந்தவர் கழற்றி, காயவைத்து, நிரப்பித்தான் மறுபடி பொருத்தவேண்டும்.

அறிகுறி: முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் நழுவுகிறது

டாகர்போர்டு முழுக்க இறங்கியிருக்கிறதா? காற்றை நோக்கி ஓடும்போது முழுதும் இறங்கவேண்டும். பின்காற்றில் ஓடும்போது பாதி தூக்கலாம். மேலே தூக்கியதை மறந்துவிட்டுத் திரும்பக் காற்றுக்கு எதிரே ஏறப் பார்ப்பது வழக்கமான மறதி.

இறங்கியிருந்தும் நழுவினால் மிக நெருக்கமாகக் காற்றுக்குள் ஓட்டுகிறீர்கள். ஓட்டம் இல்லாத டாகர்போர்டு நீரைப் பிடிக்காது. ஐந்து பாகை விலகுங்கள், ஓட்டம் வந்ததும் நழுவல் குறையும். பலகையின் முன்விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருந்தால் எப்பாக்ஸி பூசித் தேய்த்துக்கொள்ளலாம். பலகை முறுக்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: படகு கவிழ்கிறது

எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது.

*காற்று தள்ளும் பக்கமாக, பாய் நீரில் விழுகிறது*

காற்றுவீச்சு கூடியபோது ஷீட்டை விடவில்லை. பயத்தில் கை இறுகும். ஆனால் லேசரில் கயிற்றை விடுவதுதான் பிரேக். ஷீட்டைக் கையிலேயே வைத்திருங்கள், கிளீட்டில் பூட்டாதீர்கள். உடம்போடு சுற்றாதீர்கள்.

விட்டும் தொடர்ந்து கவிழ்கிறதென்றால் காற்று உங்களுக்கு அதிகம், அல்லது பாய் பெரிது. நீரில் ஆங்காங்கே வெண்நுரை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). எங்கு பார்த்தாலும் அடிக்கடி நுரைத்தால் 11 முதல் 16 நாட். இரண்டாவது நிலை முதல் மாதத்துக்கு வேண்டாம். பாயைப் பொறுத்தவரை ஒரே உடலுக்கு மூன்று அளவு உண்டு: 4.70, 5.76, 7.06 சதுர மீட்டர். உங்கள் எடை 55 கிலோவுக்குக் கீழே இருந்து 7.06 பாயோடு போராடினால் அது உங்கள் திறமைக்குறை அல்ல. சிறிய பாயும் அதற்கேற்ற கீழ்ப் பாய்மரத் துண்டும் மாற்றினால் போதும், புதுப் படகு வேண்டாம்.

*காற்று வரும் பக்கமாக, உங்கள் மேலேயே விழுகிறது*

காற்றுக்கு எதிராக ஓடும்போது இப்படி நடந்தால், காற்று திடீரென்று தளர்ந்தபோது நீங்கள் வெளியே சாய்ந்தபடியே இருந்துவிட்டீர்கள். உள்ளே வாருங்கள்.

பின்காற்றில் ஓடும்போது நடந்தால் விஷயம் வேறு. படகு ஒரு பக்கம் ஆடும், மறுபக்கம் இன்னும் கூடுதலாக ஆடும், மூன்றாவது ஆட்டத்தில் உங்கள் மேல் விழும். லேசரின் பாய்மரத்தைப் பக்கக் கம்பிகள் எதுவும் பிடிப்பதில்லை. ஆகவே பூம் 90 பாகையைத் தாண்டி முன்னே போய்விடும், அங்கிருந்து பாய் படகைக் காற்று வரும் பக்கமாக உருட்டும். ஆட்டம் தொடங்கிய உடனே ஷீட்டை ஒரு முழம் இழுங்கள், சற்றே காற்றை நோக்கித் திருப்புங்கள், உடம்பைத் தாழ்த்தி நடுவுக்கு வாருங்கள். டாகர்போர்டை முழுக்க உருவி மேலே வைத்திருந்தால் பாதி வரை இறக்குங்கள். வேங் மிகத் தளர்ந்திருந்தாலும் பாயின் மேல்பகுதி முறுகி இதே ஆட்டம் வரும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பூம் 90 பாகைக்கு வரும் இடத்தில் மெயின்ஷீட்டில் எட்டு முடிச்சு போட்டுவிடுவது நல்லது.

*ஜைப் செய்யும்போது*

பின்பக்கத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பும்போது பூம் வேகமாகக் குறுக்கே வரும். லேசரில் இதற்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு: தொய்வான மெயின்ஷீட் படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்ளும். பாய் வெளியே போக முடியாமல் நிற்கும், படகு சுழன்று காற்றுக்குள் பாய்ந்து கவிழும். தடுக்கும் வழி மணிக்கட்டில் இருக்கிறது. ஜைப்புக்கு முன் ஷீட்டை ஒரு முழம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பூம் நடுவைக் கடக்கும் அந்தக் கணத்தில் ஷீட்டை ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். தொய்வு தண்ணீரிலிருந்து மேலே துள்ளி மூலையைத் தாண்டிவிடும். உடனே விடுங்கள், டில்லரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கரையில், காற்றில்லாத நாளில் பூமைக் கையால் தள்ளி இருபது முறை பழகினால் கைக்குப் படிந்துவிடும். மாட்டியேவிட்டால் எழுந்து பின்னால் பாயாதீர்கள். படகை நேரே பின்காற்றில் ஓட்டியபடி கயிற்றை உதறி விடுவியுங்கள்.

அறிகுறி: கவிழ்ந்த படகு எழமாட்டேன் என்கிறது

படகைக் கைவிடாதீர்கள். நீந்திக் கரைக்குப் போகலாம் என்று தோன்றும் தூரமும் உண்மையான தூரமும் ஒன்றல்ல.

*பக்கவாட்டில் கிடக்கிறது:* மெயின்ஷீட்டும் வேங்கும் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். இறுகிய பாய் தண்ணீரை அள்ளிக்கொண்டு எழாது. அடிப்பக்கம் சுற்றிப்போய் டாகர்போர்டைப் பிடித்துத் தொங்குங்கள். எடை போதவில்லையென்றால் அதன் மேல் ஏறி, படகின் உடலுக்கு ஒட்டினாற்போல் நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பலகையின் நுனியில் நின்றால் நெம்புவிசை கூடும், பலகை முறியும் வாய்ப்பும் கூடும்.

*எழுந்தவுடன் மறுபக்கம் கவிழ்கிறது:* பாய் காற்று வரும் பக்கமாகக் கிடந்திருக்கிறது. அடுத்த முறை தூக்கும் முன் அணியத்தைப் பிடித்து நீந்தி, அது காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள்.

*முழுதும் தலைகீழ்:* விளிம்பின் உதட்டில் நின்று டாகர்போர்டைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். சாய்ந்தே இருங்கள், மெதுவாகப் புரளும். டாகர்போர்டு வழுக்கிக் கீழே போய்விட்டால் பிடிக்க ஒன்றுமிருக்காது. ஆகவே அதன் பிடிகயிற்றைக் கரையிலேயே கட்டுங்கள். சுக்கான் கழன்று போகாமல் தடுக்கும் கிளிப்பையும் அப்போதே அழுத்திப் பாருங்கள்.

*அசையவே இல்லை:* ஆழம் 6 மீட்டருக்குக் குறைவென்றால் பாய்மர நுனி சேற்றில் குத்தியிருக்கும். பலகையின் மேல் குதிக்காதீர்கள், பாய்மரத்தின் மேல்துண்டு வளைந்துவிடும். இந்த இடத்தில் உதவிப் படகைக் கூப்பிடுங்கள். அவர்கள் அணியத்தைக் காற்றுப் பக்கமாகச் சுற்றி இழுத்தால் நுனி தானே உருவிவரும்.

இரண்டு மூன்று முயற்சியில் எழவில்லையென்றாலும், குளிரில் பல் அடித்தாலும் அதே முடிவுதான். விசிலை ஊதுங்கள், கைகளை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டுங்கள்.

அறிகுறி: படகுக்குள் தண்ணீர்

*உட்காரும் பள்ளத்தில் நீர் நிற்கிறது:* பெரும்பாலும் பழுதல்ல. அடியில் உள்ள தானியங்கி வடிகால் படகு ஓடும்போதுதான் உறிஞ்சி வெளியேற்றும். நின்றால் அதே வழியாக நீர் உள்ளே வரும். நிற்கும்போது மூடுங்கள், ஓட்டம் வந்ததும் திறவுங்கள். ஓடும்போதும் வடியவில்லையென்றால் மணலோ பாசியோ அடைத்திருக்கும்.

*உடலுக்குள் நீர் சளசளக்கிறது:* கரைக்கு வந்ததும் பின்பக்க அடைப்பைத் திறந்து அளந்து பாருங்கள். ஒரு டம்ளர் வந்தால் விட்டுவிடலாம். லிட்டர் கணக்கில் வந்தால் தேடவேண்டும்.

அடைப்பின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்பது முதல் சோதனை. அடுத்தது பாய்மரம் நிற்கும் குழி. படகைச் சமமாக வைத்து, குழியை விளிம்பு வரை நீரால் நிரப்பி, அரைமணி நேரம் விடுங்கள். நீர்மட்டம் இறங்கினால் குழியின் அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. மணல் உள்ளே போய், பாய்மரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அரைத்துத்தான் இது வருகிறது. கடற்கரையில் பாய்மரத்தின் அடியை மணலில் ஊன்றாதீர்கள். நிறுத்தும் முன் குழியையும் மரத்தையும் நன்னீரால் கழுவுங்கள்.

குழி சரியென்றால் சோப்புநீர்ச் சோதனை. பள்ளத்தின் முன்சுவரில் உள்ள சிறு காற்றுத்துளையை டேப்பால் மூடி, பின்பக்க அடைப்புத் துளையில் குழாய் வைத்து வாயால் மட்டும் ஊதுங்கள். மேல்தளமும் அடியுடலும் சேரும் விளிம்பு முழுக்க, வடிகாலைச் சுற்றி, டாகர்போர்டுப் பிளவின் விளிம்பில் சோப்புநீர் பூசினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். கம்ப்ரஸர் பக்கம் போகவே வேண்டாம், இணைப்பு பிளந்துவிடும். முடிந்ததும் டேப்பை எடுக்க மறக்காதீர்கள். அந்தத் துளை அடைபட்டு, பின்பக்க அடைப்பும் மூடிய படகை நண்பகல் வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து அதே இணைப்புகளை இழுக்கும். கரையில் இருக்கும்போது பின்பக்க அடைப்பு திறந்தே இருக்கட்டும்.

வடிகாலைச் சுற்றிக் கசிந்தால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, கடல்நீர் தாங்கும் சீலன்ட் வைத்து நீங்களே பூட்டலாம். குழியின் அடி கசிந்தாலோ, மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று அமுங்கினாலோ உங்கள் வேலை அங்கே முடிந்தது. பலமான காற்றில் குழி பெயர்ந்தால் பாய்மரம் மேல்தளத்தையே கிழித்துக்கொண்டு சாயும். ஃபைபர் தொழிலாளியிடம் கொடுங்கள், அதுவரை படகு கரையில் இருக்கட்டும்.

அறிகுறி: கயிறு கிளீட்டில் வழுக்குகிறது

உப்பு. நன்னீரை ஊற்றிக் கழுவி, பற்களைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். போகவில்லையென்றால் கயிறு மெலிந்திருக்கிறது, புதிது போடுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் பல் மழுங்கிவிட்டது, கிளீட்டை மாற்றுங்கள். மேல்தளத்தைக் கழுவும் நாளிலேயே மேல் பாய்மரத் துண்டின் ரிவெட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடியும் மயிரிழை விரிசலும் தெரிந்தால் அந்தத் துண்டு இன்னொரு பலமான காற்றைத் தாங்காது.

அறிகுறி: கரைக்குத் திரும்ப முடியவில்லை

*காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது*

சென்னையில் காலை நேரத்திலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பல நாட்களில் நண்பகல் தாண்டியும் மேல்காற்று இப்படித்தான் வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும்; போகப்போகக் காற்று கூடும். திரும்பும் வழி முழுக்கக் காற்றுக்கு எதிராக, டேக் மேல் டேக் போட்டு ஏறுவதுதான். ஆகவே கிளம்பியதும், கால் தரையில் எட்டும் ஆழத்தைத் தாண்டும் முன்பே ஒருமுறை திரும்பிக் கரையை நோக்கி ஏறிப் பாருங்கள். ஏற முடியவில்லையென்றால் அப்போதே இறங்கிவிடுங்கள், அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரலாம். நடுவில் கைவிட்டுப்போனால் படகோடேயே இருங்கள். கைப்பேசி நீர்புகா உறையில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 கட்டணமில்லா எண்.

*காற்று கரையை நோக்கி அடிக்கிறது, அலை உடைகிறது*

திரும்புவது எளிது, நிற்பதுதான் சிரமம். அலை உடையும் கோட்டுக்கு வெளியே டாகர்போர்டைப் பாதி தூக்குங்கள், சுக்கானை இறக்கும் கயிற்றைக் கிளீட்டிலிருந்து விடுவியுங்கள், அடி தட்டினால் அலகு தானே எழட்டும். இடுப்பளவு ஆழத்தில் அணியத்தைக் காற்றுக்குத் திருப்பி, ஷீட்டை முழுக்க விட்டு, கடல் பக்கமாகவே இறங்கி அணியத்தைப் பிடியுங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். படகின் வெறும் உடலே கிட்டத்தட்ட 59 கிலோ. உள்ளே நீரும் சேர்ந்து ஓர் அலை தள்ளினால் முழங்கால் தாங்காது.